தொழிற்சங்கமா, தொழில்முறைச் சங்கமா? நெல்லையின் தனியார் மருத்துவமனைச் செவிலியர் எந்தப் படிவத்தில் கையெழுத்திடுவது

வண்ணார்பேட்டைப் பக்கம் 120 படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் நான்கு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கும் என் தங்கை மகள், போன மாதம் ஒரு நாள் நைட் டூட்டி முடித்த கையோடு, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுப் படியேறினாள். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை எதுவும் பேசாமல் இருந்தவள், பிறகு தோள்பையிலிருந்து மடித்த இரண்டு படிவங்களை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்தாள். ஒன்று மருத்துவமனை ஊழியர் தொழிற்சங்கத்தின் உறுப்பினர் படிவம். மற்றொன்று செவிலியர்களின் தொழில்முறைச் சங்கத்துக்கான ஆயுள் உறுப்பினர் படிவம். "பெரியம்மா, ரெண்டுல எதுல கையெழுத்துப் போட? இவங்க அதுல சேராதங்காங்க, அவங்க இதுல சேராதங்காங்க" என்றாள்.

31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் தனியாரிலும் பிறகு அரசுப் பணியிலும் இருந்தேன். இரண்டு வகைச் சங்கத்திலும் வெவ்வேறு காலங்களில் சந்தா கட்டியிருக்கிறேன். அன்று காலையில் தூக்கக் கலக்கத்தில் இருந்தவளுக்கு அவசரமாக ஒரு பதில் சொல்லி அனுப்பினேன். அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர், சங்கரன்கோவில் பக்கங்களிலிருந்து படித்து வந்து திருநெல்வேலி நகரத்து மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் பல பெண்களுக்கும் பையன்களுக்கும் இதே கேள்வி இருக்கிறது என்பதால், அந்தப் பதிலை நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டும் எங்கிருந்து வந்தவை என்று பார்த்துவிடுவது நல்லது. இன்றைய சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1905இல் லக்னோவில் செவிலியர் கண்காணிப்பாளர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1908இல் பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கான சங்கம் உருவானது. பின்னர் 1922இல் இரண்டும் இணைந்து இன்றுள்ள இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கமாகின. இன்றும் வெளிவரும் அதன் இதழ் 1910இல் தொடங்கியது. உலகச் செவிலியர் பேரவையில் 1912இலேயே இடம் பெற்ற அமைப்பு அது. செவிலியர் என்றால் படித்து, பயிற்சி பெற்று, பதிவு செய்துகொண்ட ஒருவர், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆயா அல்லர் என்பதை இந்த நாட்டில் நிலைநாட்டிய பெருமை அந்தத் தலைமுறைக்கு உண்டு. நம் மாகாணத்தில் செவிலியர் பதிவுக்கென்று 1926இல் சட்டம் வந்ததும், இன்று நம் பதிவு எண்ணை வழங்கும் கவுன்சில் அந்தச் சட்டத்தின்கீழ் இயங்குவதும் அந்த எண்ணம் வேர்விட்ட காலத்தில் நடந்தவைதான்.

அதே 1908இல், அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த தூத்துக்குடியில், கோரல் ஆலைத் தொழிலாளர்கள் பிப்ரவரிக் கடைசியில் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். சில நாட்களிலேயே கூலி உயர்வும் வார விடுமுறையும் ஒப்புக்கொள்ளப்பட்டன. இதை ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கண்காணிப்பாளர்கள் கூடித் தொழிலின் தரத்தைப் பேசியது ஒரு மரபு. மேஸ்திரியின் பார்வைக்கு வெளியே தொழிலாளர்கள் கூடிக் கூலியைப் பேசியது இன்னொரு மரபு. என் தங்கை மகளின் பையில் இருந்த இரண்டு படிவங்களும் இந்த இரண்டு மரபுகளின் பிள்ளைகள்.

தொழில்முறைச் சங்கம் எதுவும் செய்யாது, மாநாடு நடத்தி மாலை போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான் என்று தொழிற்சங்கக்காரர்கள் சொல்வது நியாயமில்லை. தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் சம்பளம், வேலை நிலைமை பற்றி 2011இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது அந்தச் சங்கம்தான். 2016 ஜனவரி 29 அன்று நீதிமன்றம், இதை ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழு சொன்ன கணக்கை ஒவ்வொரு தனியார் செவிலியரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள மருத்துவமனையில் சம்பளம் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும். 100க்கு மேல் இருந்தால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்குக் கீழ் உள்ள சிறிய மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. விடுப்பு, வேலை நேரம், மருத்துவ வசதி, போக்குவரத்து ஆகியவையும் அரசுச் செவிலியருக்கு இருப்பதுபோல இருக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. சுகாதார அமைச்சகம் இதை மாநிலங்களுக்கு அனுப்பி வைத்தது.

என் தங்கை மகள் வேலை பார்க்கும் இடம் 120 படுக்கை. அரசுச் செவிலியரின் சம்பளத்தில் பத்தில் ஒன்பது பங்காவது அவளுக்கு வந்திருக்க வேண்டும். அவள் கையில் வாங்குவது 14,500 ரூபாய். பரிந்துரை என்பது பரிந்துரைதான். அதைச் சட்டமாக்குவதும், சட்டமான பிறகு ஒவ்வொரு மருத்துவமனையின் சம்பளப் பட்டியலில் ஏற வைப்பதும் வேறு வேலைகள். அந்த வேலைகளைச் செய்யும் கருவி தொழில்முறைச் சங்கத்திடம் இல்லை.

பக்கத்தில் கேரளத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் இது தெளிவாகும். செங்கோட்டை தாண்டினால் கேரளம் என்பதால் நம் பக்கத்துச் செவிலியர் பலருக்கு அந்தக் கதை கேள்விப்பட்டதாகவே இருக்கும். 2011இல் அங்கே ஐக்கிய செவிலியர் சங்கம் என்ற புதிய தொழிற்சங்கம் தொடங்கப்பட்டு, இத்தனை ஆண்டு வேலையை விட மாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்குவது, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வது, மிகக் குறைந்த சம்பளம் ஆகியவற்றுக்கு எதிராக மருத்துவமனை மருத்துவமனையாக வேலைநிறுத்தங்கள் நடந்தன. உச்ச நீதிமன்ற வழக்கில் பிறந்த அந்த 20,000 ரூபாய் என்ற எண்ணை அவர்கள் தங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். 2017 ஜூலையில் மாநிலம் முழுவதும் போராட்டம் வலுத்தபோது அரசு அதை ஒப்புக்கொண்டது. 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அறிவிக்கை வந்தது. எண்ணைப் பெற்றுத் தந்தது தொழில்முறைச் சங்கத்தின் வழக்கு. அந்த எண்ணை அரசாணையில் ஏற்றியது தொழிற்சங்கத்தின் போராட்டம். நம் மாநிலத்தில் முதல் பாதி மட்டும்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் இரண்டும் ஒன்றையொன்று நிரப்புகின்றனவே, பிறகு ஏன் ஒருவர் மற்றவரிடம் போகாதே என்கிறார்கள்? இதற்கான பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு கூட்டத்தில் நேரில் பார்த்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தனியார் மருத்துவமனையில், தொழில்முறைச் சங்கம் ஒன்றின் கிளைக் கூட்டம் எங்கள் வகுப்பறையிலேயே நடக்கும். கரும்பலகைக்கு முன்னால் போட்ட மேசையில் மருத்துவமனையின் தலைமைச் செவிலியரான மேட்ரன் தலைமை தாங்குவார். அவர் கைதேர்ந்தவர், நீரிழப்பில் நரம்பு சுருங்கிக் கிடக்கும் குழந்தைக்கு ஊசி ஏற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. அன்று படுக்கைப் புண் பராமரிப்பு பற்றிப் பேசி முடித்த பிறகு, "வேறு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். ஆண்கள் வார்டில் இருந்த ஓர் அக்கா எழுந்து, தொடர்ந்து பத்து நைட் போடுகிறார்களே, இரவுப்படி என்று ஏதாவது தரக் கூடாதா என்று கேட்டார். மேட்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யாரும் மூச்சு விடவில்லை. "இது அதைப் பேசும் இடம் இல்லை, சிஸ்டர்" என்றார் மெதுவாக. அடுத்த மாத டூட்டி ரோஸ்டரில் அந்த அக்காவின் பெயருக்கு நேரே பதினான்கு நைட் இருந்தது. ரோஸ்டரின் அடியில் இருந்த கையெழுத்து, கூட்டக் குறிப்பேட்டில் தலைவர் என்ற இடத்தில் இருந்த அதே கையெழுத்து.

மேட்ரனைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார். தொழில்முறைச் சங்கத்தின் கதவு பதிவு பெற்ற செவிலியர் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவளும், அவளுக்கு லீவு கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் ஒரே வரிசையில் உறுப்பினர்கள். கிருமித் தொற்றைத் தடுப்பது பற்றிப் பேச அது மிக நல்ல ஏற்பாடு. சம்பளம் பற்றிப் பேச அது முடியாத ஏற்பாடு, ஏனென்றால் எதிர்த்தரப்பின் ஆள் நம் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். தொழிற்சங்கம் பிடிக்காது என்று சொல்லும் மூத்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த வெறுப்பு தொழில் மரியாதையிலிருந்து வருகிறது. மீதிப் பேருக்கு இந்த நாற்காலியிலிருந்து வருகிறது.

வெளிநாடுகளிலும் சண்டை இதே இடத்தில்தான் வெடித்திருக்கிறது. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1950இல் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று கொள்கை வகுத்து, 1968இல்தான் அதைக் கைவிட்டது. அதன் கலிபோர்னியக் கிளை, நிர்வாகப் பதவிகளில் இருந்த செவிலியர்களின் செல்வாக்கு வார்டில் நிற்பவர்களின் குரலை அமுக்குகிறது என்ற மனக்குறை முற்றிப்போய், 1995இல் தாய்ச் சங்கத்தை விட்டுப் பிரிந்து தனித் தொழிற்சங்கமானது. பிரிந்த நான்காவது ஆண்டு, 1999இல், ஒரு செவிலியருக்கு அதிகபட்சம் எத்தனை நோயாளிகள் என்பதைச் சட்டமாக நிர்ணயிக்கும் மசோதாவை அந்த மாநிலத்தில் நிறைவேற்ற வைத்தார்கள். 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது அங்கே இன்று மருத்துவமனை மீற முடியாத விதி. இங்கிலாந்தில் வேறு வழி எடுத்தார்கள். 1916இல் தொடங்கிய அரச செவிலியர் கல்லூரி, அறுபது ஆண்டுகள் வெறும் தொழில்முறை அமைப்பாக இருந்துவிட்டு, 1970களில் தன்னையே தொழிற்சங்கமாகவும் பதிவு செய்துகொண்டது. 1995இல் வேலைநிறுத்தத் தடையைத் தன் விதிகளிலிருந்து எடுத்தது. 2019 டிசம்பரில் வட அயர்லாந்தில் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக வேலைநிறுத்தம் செய்தது. ஒரே கூரைக்குள் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் அப்படி ஒன்றை நெல்லையில் உட்கார்ந்து நாம் உண்டாக்க முடியாது. நம் முன் இருப்பவை அந்த இரண்டு படிவங்கள்தான்.

சம்பளத்தை விட்டுவிட்டு வார்டுக்கு வருவோம். அன்று காலை என் தங்கை மகள் காப்பித் தம்ளரைப் பிடித்தபோது அவள் இடது உள்ளங்கையைப் பார்த்தேன். நீல மையில், "4 பாரா, 6 ஆன்டி, 12 யூரின், 19 சுகர்" என்று எழுதியிருந்தது. எந்தப் படுக்கைக்கு எந்த மருந்து, எந்தப் பரிசோதனை என்ற குறிப்பு அது. 28 நோயாளிகளை ஒரு பயிற்சி மாணவியோடு இரவு முழுக்கத் தனியாகப் பார்த்திருக்கிறாள். குறிப்பேட்டை எடுத்து எழுத நேரம் இல்லாததால் உள்ளங்கை குறிப்பேடாகிவிட்டது. பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு. அந்த அளவு ஏன் ஆறு, ஏன் பத்து இல்லை, விடுப்புக்கென்று எத்தனை பேரைக் கூடுதலாக வைக்க வேண்டும், ஓர் ஆள் குறைந்தால் எந்த மருந்து தாமதமாகும், எந்த நோயாளிக்குப் புண் வரும் என்பதையெல்லாம் ஆதாரத்தோடு எடுத்து வைக்கக்கூடிய அறிவு தொழில்முறைச் சங்கத்தில் இருக்கிறது.

தொழிற்சங்கத்தில் அந்த அறிவைப் பல நேரம் நான் காணவில்லை. அரசுப் பணிக்கு வருவதற்கு முன்னால், ஒரு தொழிற்சங்கக் கூட்டத்துக்கு ஆசையோடு போயிருக்கிறேன். ஆறு மணி என்றார்கள். வெளியூரிலிருந்து வர வேண்டிய தலைவர் எட்டரைக்கு வந்தார். பேருந்துத் தொழிலாளர், மின்வாரியம், விலைவாசி என்று ஒன்றரை மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். ஊசி குத்திக் காயப்பட்ட ஒரு சிஸ்டருக்குத் தடுப்பு மருந்துச் செலவை நிர்வாகம் தர மறுக்கிறது என்று நாங்கள் சொன்னபோது, அது ஏன் சில மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்து என்பதே அவருக்குப் புரியவில்லை. அன்றைய தீர்மானங்களில் எங்கள் விஷயம் இல்லை. செவிலியர்களே பொறுப்பில் இல்லாத தொழிற்சங்கத்தில் செவிலியர்களின் கதி இப்படித்தான் ஆகும். அமைப்புசார்ந்த நிறுவனத்தின் தொழிற்சங்கத்தில் வெளியாட்கள் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மீதி இடங்களில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. கணக்கு வழக்கையும் கேட்க வேண்டும். கேரளத்தில் அவ்வளவு சாதித்த அந்தச் சங்கமே 2019இல் நிதி முறைகேடு புகாருக்கும் போலீஸ் விசாரணைக்கும் ஆளானது.

இவ்வளவு குறை இருந்தும் தொழிற்சங்கத்தின் தராசுத் தட்டு ஏன் தாழ்கிறது என்றால், சட்டம் அதற்கு மட்டும் தரும் சில கவசங்களால்தான். தொழில்முறைச் சங்கம் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. அது மருத்துவமனை நிர்வாகத்துக்கு மனு கொடுக்கலாம், நிர்வாகம் அதை வாங்கிவைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். பதிவு பெற்ற தொழிற்சங்கம் தொழில் தகராறு எழுப்பினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் நிர்வாகம் வந்து உட்கார வேண்டும். தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை மாற்றுவதும் நீக்குவதும் நியாயமற்ற தொழில் நடைமுறை என்று சட்டம் பெயர் வைத்துச் சொல்கிறது. பதினான்கு நைட் போடப்பட்ட அந்த அக்காவுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு வரி சட்டம்கூடத் துணைக்கு இல்லை, ஏனென்றால் அவர் பேசியது தொழில்முறைச் சங்கத்தின் கூட்டத்தில்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, பழைய 1926 தொழிற்சங்கச் சட்டத்தையும் 1947 தொழில் தகராறு சட்டத்தையும் தனக்குள் எடுத்துக்கொண்டு சில விதிகளை மாற்றியிருக்கிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியர் கவனிக்க வேண்டியவை அதில் நான்கு இருக்கின்றன.

ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கும் நிறுவனத்தில், தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும் தனிச் சங்கமாகும். அப்படி யாருக்கும் இல்லாவிட்டால் 20 சதவீதம் உள்ள சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். இந்தக் கணக்கைச் செவிலியர்கள் தங்களுக்குள் மட்டும் போட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். 200 தொழிலாளர் உள்ள மருத்துவமனையில் 90 பேர் செவிலியர் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் விடாமல் எல்லாரும் சேர்ந்தாலும் 45 சதவீதம்தான். லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், வார்டு ஆயாம்மா, துப்புரவுப் பணியாளர் ஆகியோர் இல்லாமல் எண்ணிக்கை நிறையாது. "நாம படிச்சவங்க, ஆயாம்மாவோட ஒரே சங்கத்துலயா?" என்று முகம் சுளிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, மனம் வலிக்கச் சொல்கிறேன், தொழில்முறைச் சங்கம் ஊட்டி வளர்த்த பெருமிதத்தின் கசடு அது. நைட்டில் நமக்குக் கைகொடுப்பது அந்த ஆயாம்மாதான்.

அடுத்தது, வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம். சமரசப் பேச்சு நடக்கும்போது வேலையை நிறுத்தக் கூடாது. மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். மூன்றாவது, பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். "எல்லாரும் ஒரே நாள் லீவு போட்ருவோம்" என்று வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்; அனுபவமுள்ள தொழிற்சங்கம் இருந்தால் இந்தக் குழியில் விழாமல் தடுக்கும்.

நான்காவது விதி நம் ஊருக்கு மிக நெருக்கமானது. தர்மம், சமூகத் தொண்டு ஆகியவற்றில் முழுமையாகவோ பெரும்பகுதியோ ஈடுபட்டிருக்கும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற சொல்லின் வரம்பிலிருந்தே இந்தத் தொகுப்பு விலக்கிவிட்டது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் மருத்துவமனைகளையும் தொழில் என்று உச்ச நீதிமன்றம் விரிந்த பொருள் சொன்னதற்கு நேர் எதிரான திசை இது. மிஷன் மருத்துவமனைகளாலும் அறக்கட்டளை மருத்துவமனைகளாலும் வளர்ந்த மாவட்டம் நம்முடையது. நம் செவிலியர் கல்வியே பெரும்பாலும் அவற்றிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கும் செவிலியருக்குத் தொழிற்சங்கக் கவசம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை, கையெழுத்துப் போடும் முன்னரே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. அமெரிக்காவிலும் 1947இல் லாப நோக்கற்ற மருத்துவமனைகளைத் தொழிலாளர் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். அதைத் திரும்ப உள்ளே கொண்டுவர 1974 வரை, 27 ஆண்டுகள் ஆனது. மிஷன் மருத்துவமனைச் செவிலியருக்கு இப்போதைக்குத் தொழில்முறைச் சங்கத்தின் துணை மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்புள்ளது என்று இந்த ஒரு காரணத்தால் நான் நினைக்கிறேன்.

ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இருப்பவர்களின் நிலை தனி. அவர்களுக்கு 1973 நடத்தை விதிகள் உண்டு. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ இல்லை என்று 2003இல் தமிழ்நாட்டு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு எழுதி, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள், 2017 நவம்பர் இறுதியில் சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். என்னும் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள். நெல்லையிலிருந்தும் ரயிலேறிப் போனார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு பணிக்குத் திரும்பினார்கள். ஊதியம் பின்னர் 14,000, பிறகு 18,000 என்று படிப்படியாக உயர்ந்தது. நிரந்தரம் என்ற சொல்லுக்காகப் பலர் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. தடை இருந்த இடத்திலும் சேர்ந்து நின்றதால்தான் அந்த எண் நகர்ந்தது.

மூன்றாவதாக ஒரு வழியை நிர்வாகங்களே காட்டுகின்றன: மருத்துவமனைக்குள்ளேயே ஊழியர் நலக் குழு. பொங்கலுக்குப் போனஸ், கான்டீன் சாப்பாடு, சீருடைத் துணி ஆகியவற்றுக்கு அது உதவும். சம்பளத்துக்கு உதவாது. நான்காவது வழி, எதிலும் சேராமல் இரண்டு வருட அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டு வளைகுடாவுக்கோ அரசுத் தேர்வுக்கோ போய்விடுவது. அப்படிப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டுக் கடன் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த வழியில் போவதற்கும் அசல் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். நான் முதல் வேலையை விட்டபோது, என் சான்றிதழ்கள் அலுவலக பீரோவில் ஒரு பழுப்பு உறையில் இருந்தன. மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிய பிறகுதான் அந்த உறையை என் கையில் கொடுத்தார்கள். அன்று எனக்கு ஒரு தொழிற்சங்கம் இருந்திருந்தால் ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும் விஷயம் அது.

ஆகவே என் தங்கை மகளுக்கு நான் சொல்வது இது. அவள் இருப்பது லாபத்துக்காக நடக்கும் தனியார் மருத்துவமனை; அவளுடைய அவசரம் சம்பளமும் ஆள் பற்றாக்குறையும். முதலில் தொழிற்சங்கப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: நிர்வாகிகளில் இப்போது வேலை பார்க்கும் செவிலியர் எத்தனை பேர், கடைசி ஆண்டுத் தணிக்கைக் கணக்கைக் காட்ட முடியுமா, கோரிக்கைகளைச் செவிலியர்களே எழுதித் தரலாமா. மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், ஏழு பேர் சேர்ந்து தாங்களே பதிவுக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் உறுப்பினர் பலம் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அவ்வளவாவது இருக்க வேண்டும். 200 பேர் உள்ள இடத்தில் அது 20 பேர்.

தொழில்முறைச் சங்கப் படிவத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அதில் அவள் அடுத்த ஆண்டு சேரலாம், ஆயுள் சந்தாவுக்குப் பணம் சேர்ந்த பிறகு. ஐந்தாண்டுக்கு 150 மணி நேரத் தொடர் கல்வி தேவைப்படும் இந்தக் காலத்தில் அந்தச் சங்கத்தின் பயிலரங்குகள் அவளுக்கு வேண்டியவை. 28 பேருக்கு ஒருவர் என்பது ஏன் ஆபத்து என்று தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் எழுதுவதற்கான ஆதாரத்தையும் அவள் அங்கிருந்துதான் எடுத்து வர வேண்டும். மற்றதில் சேராதே என்று எந்தச் சங்கத்தார் சொன்னாலும், அப்படி ஒரு தடை உங்கள் விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மரியாதையோடு கேட்டால் போதும்.

அவள் கேட்ட கடைசிக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. அவளுடைய இன்சார்ஜ் சிஸ்டர், இவளைத் தங்கைபோலப் பார்த்துக்கொள்பவர், தானும் தொழிற்சங்கத்துக்கு வருகிறேன் என்கிறாராம். ரோஸ்டர் போடுவது அவர்தான். மேற்பார்வைப் பொறுப்பில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் புதிய தொகுப்பின்படி 'தொழிலாளி' ஆக மாட்டார். ஆனால் வார்டில் அவரும் நின்று ஊசி போடுகிறார், பெட்பேன் எடுத்து வைக்கிறார், அவருடைய முக்கிய வேலை எது என்பதைப் பார்த்துத்தான் நீதிமன்றங்கள் முடிவு செய்யும் என்பதால் சட்டம் அவருக்குச் சாதகமாகவும் அமையலாம். எனக்கோ அந்த மூக்குக்கண்ணாடியும் குறிப்பேட்டுக் கையெழுத்தும் கண்முன் வருகின்றன. ரோஸ்டரில் கையெழுத்துப் போடும் வேலை அவரிடம் இருக்கும்வரை, தொழில்முறைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவரோடு சேர்ந்தே போகட்டும். சம்பளக் கோரிக்கை எழுதும் அறைக்கு அவர் வர வேண்டாம். இதை மறைத்து வைக்காமல், அவரிடமே, அவர் மனம் நோகாதபடி, டூட்டி இல்லாத ஒரு நாளில் போய் நேரே சொல்லிவிட வேண்டும் என்று நேற்று அவளுக்குப் போன் செய்து சொன்னேன். "வர்ற செவ்வாய்க்கிழம ஆஃப், அன்னைக்கே போறேன் பெரியம்மா" என்றாள்.